உள்ளூர் இண்டி கச்சேரி தேடும் செயலிகள்: எது எதற்கு உதவும், எங்கே கைவிடும்

சாங்கிக், பேண்ட்ஸின்டவுன், ஸ்பாட்டிஃபை, பேண்ட்கேம்ப், டைஸ், இன்ஸ்டாகிராம். பெரிய நகரத்தில், பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் இயங்கும் உள்ளூர் இண்டி குழுக்களின் நேரடிக் கச்சேரியைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான் முதலில் திறக்கிறார்கள். செயலிக் கடையில் இருக்கும் நட்சத்திரங்களை வைத்து இவற்றை எடைபோட முடியாது. உரைகல் ஒன்றே ஒன்றுதான். நாம் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு குழு, அடுத்த வாரம், நூறு பேர் கொள்ளும் ஓர் அறையில் வாசிக்கப்போகிறது. அதை இந்தச் செயலி முன்கூட்டியே நம் கண்ணில் காட்டுமா?

பெரும்பாலும் காட்டாது. எந்தச் செயலியும் கச்சேரியை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிப்பதில்லை. யாராவது பதிவு செய்தால்தான் அங்கே வரும். டிக்கெட் விற்கும் தளத்திலிருந்து தகவல் தானாக வந்து சேரும், அல்லது குழு பதிவு செய்யும், அல்லது அரங்கு பதிவு செய்யும். வாசலில் பணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் கச்சேரிக்கு முன்பதிவு டிக்கெட்டே கிடையாது என்பதால் முதல் வழி அடைபட்டுவிடுகிறது. பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் பயிற்சி செய்யும் நான்கு பேர், மூன்று தளங்களில் உட்கார்ந்து தேதி போடமாட்டார்கள்; போஸ்டரை இன்ஸ்டாகிராமில் போட்டதோடு சரி. மிஞ்சுவது அரங்குதான். ஆகவே கலைஞர் பெயரைக் கேட்டுத் தொடங்கும் சேவையைவிட, அறையிலிருந்து தொடங்க விடும் சேவைக்கே இங்கே மதிப்பு அதிகம். கீழே வரும் தீர்ப்புகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

கச்சேரித் தேதிகளைப் பட்டியலிடும் சாங்கிக் 2007இல் லண்டனில் தொடங்கியது. 2017இல் வார்னர் மியூசிக் கைக்கும், 2025இல் சுனோ என்ற ஏஐ இசை நிறுவனத்தின் கைக்கும் போனது. நிறுவியதும் அது செய்யச் சொல்வது, நம் பாட்டு நூலகத்தை வருடிக் கலைஞர்களைப் பின்தொடர்வது. அதை அப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நாம் ஏற்கெனவே கேட்பவர்களின் பெயர்களால் பட்டியல் நிரம்பிவிட்டால் புதியவருக்கு இடமே இருக்காது. நகரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, தேதிவாரிப் பட்டியலைத் திறந்து, கலைஞர் பெயரை விட்டுவிட்டு அரங்கின் பெயரை மட்டும் படித்துக்கொண்டே வாருங்கள். கேள்விப்படாத சிறிய அறை ஒன்று தென்பட்டால் அதன் பக்கத்துக்குப் போய்ப் பழைய கச்சேரிகளின் பட்டியலைப் பாருங்கள். ஒரே இரவில் மூன்று நான்கு குழுக்கள், அவற்றில் சில பெயர்கள் சில மாத இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருகின்றன என்றால் அது உள்ளூர்க் குழுக்கள் புழங்கும் இடம். இந்த ஒரு வசதிக்காகவே சாங்கிக்கைப் போனில் வைத்திருக்கலாம். குறை என்னவென்றால், ரத்தான கச்சேரி பட்டியலில் அப்படியே நிற்கும். மூடிப்போன அரங்கின் பக்கமும் உயிரோடு இருப்பதுபோலவே இருக்கும். அங்கே கண்ட தேதியை அரங்கின் சொந்தப் பக்கத்தில் சரிபார்க்காமல் கிளம்பக் கூடாது.

பேண்ட்ஸின்டவுன் இதற்கு நேர்மாறு. இதன் பலம் கலைஞர்களின் பக்கம் இருக்கிறது. குழுக்கள் தங்கள் இணையதளத்தில் காட்டும் தேதிப் பட்டியல் பல இடங்களில் இதிலிருந்துதான் வருகிறது. 2023 முதல், ஒலிக்கும் பாட்டைக் கேட்டு அடையாளம் சொல்லும் ஷஸாம் செயலியில் தெரியும் கச்சேரித் தகவலுக்கும் இதுவே ஊற்று. பெயர் தெரிந்த பிறகு மறந்துபோகாமல் நினைவூட்ட இதைவிட நல்ல கருவி இல்லை. பெயர் தெரியாத குழுவைத் தேடித் தரும் என்று நம்பி நிறுவினால் ஏமாற்றம்தான். ஒரே பெயரில் இரண்டு குழுக்கள் இருந்தால் குழப்பமும் வரும். இண்டி உலகில் ஒற்றைச் சொல் பெயர்கள் ஏராளம். வேறொரு கண்டத்தில் இருக்கும் குழுவின் தேதி நம் ஊர்க் குழுவின் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். பின்தொடரும் முன் படத்தையும் பழைய கச்சேரிகள் நடந்த ஊர்களையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்பாட்டிஃபையின் நேரடி நிகழ்ச்சிப் பகுதி 2022இல் வந்தது. தகவல் டிக்கெட் கூட்டாளிகளிடமிருந்து வருவதால் மேலே சொன்ன ஓட்டை இங்கேயும் உண்டு. ஆனால் அதே செயலியில் வேறோர் இடத்தில் நமக்கு வேண்டிய சங்கதி இருக்கிறது. கலைஞர் பக்கத்தின் அறிமுகப் பகுதியைத் திறந்தால், அவர் பாடல்களை அதிகம் கேட்கும் ஐந்து நகரங்கள் எண்ணிக்கையோடு தெரியும். அந்த எண்ணை மொத்த மாதாந்திரக் கேட்போர் எண்ணிக்கையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மாதம் 400 பேர் கேட்கும் குழுவுக்கு ஒரே நகரத்தில் 120 பேர் என்றால், அந்த நகரம் அவர்கள் வாழும் இடமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். அந்த 120 பேரில் பலர் நண்பர்களாகவும் கச்சேரிக்கு வந்தவர்களாகவும் இருக்கலாம். மாதம் நான்கு லட்சம் பேர் கேட்கும் குழுவுக்கு முதல் ஐந்தில் வருவது வெறுமனே மக்கள்தொகை மிகுந்த நகரங்களாக இருக்கலாம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 2024 முதல், 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத பாடலுக்கு ஸ்பாட்டிஃபை பதிவு உரிமைத் தொகை தருவதில்லை. சின்னக் குழுவை அங்கே கேட்டுப் பார்ப்பது சரி, பணம் போய்ச் சேர வேறு வழி தேட வேண்டும்.

அந்த வழி, குழுக்கள் தங்கள் இசையை ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப். தேடலுக்கும் இதுவே நம் முதல் பரிந்துரை. கச்சேரிப் பட்டியலே முக்கியமில்லாத ஒரு தளம் கச்சேரி தேட முதலிடம் பிடிப்பது விசித்திரம்போல் தோன்றினாலும் உண்மை. 2008இல் தொடங்கிய இந்தத் தளத்தை 2022இல் எபிக் கேம்ஸ் வாங்கியது, 2023இல் சாங்ட்ரேடரிடம் விற்றது. அப்போது ஏறத்தாழப் பாதி ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அதற்குப் பிறகும் அடிப்படை அமைப்பு சிதையாமல் இருக்கிறது. குழுக்கள் தங்கள் ஊரைக் குறிப்பிடுவதால் ஊர்ப் பெயர் ஒரு குறிச்சொல்லாக இயங்குகிறது. அந்தக் குறிச்சொல்லைத் தேர்ந்தெடுத்து, வரிசையை அதிகம் விற்றவை என்பதிலிருந்து புதிதாக வந்தவை என்று மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் பத்து ஆண்டுகளுக்கு முன் கலைந்துபோன குழுதான் முதலில் வந்து நிற்கும். நகரத்தின் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேடுங்கள். புறநகர்ப் பெயர்களையும் விடாதீர்கள். வாடகை குறைவாக இருக்கும் இடத்தில்தான் பயிற்சி அறைகள் இருக்கும், குழுவும் அந்தப் பகுதியின் பெயரையே போட்டிருக்கும்.

ஓர் உட்காரலில் முப்பது ஆல்பங்களைத் தட்டிப் பார்க்கலாம். முதல் பாட்டில் ஒரு நிமிடம், நடுவிலிருந்து இன்னொரு பாட்டில் ஒரு நிமிடம் போதும். பிடித்த ஆல்பத்தின் பக்கத்தை அடிவரை படியுங்கள். யார் ஒலிப்பதிவு செய்தார், எந்த ஸ்டூடியோ, விருந்தினராக வாசித்தவர் யார் என்ற விவரங்கள் அங்கே இருக்கும். ஒரு நகரத்தின் இண்டி வட்டம் சிறியது; மூன்று ஆல்பங்களில் ஒரே ஒலிப்பதிவாளரின் பெயரைப் பார்த்தால், அந்தப் பெயரைத் தேடினாலே இன்னும் ஐந்து குழுக்கள் கிடைக்கும். ஆல்பத்தை வாங்கியவர்களின் சிறு படங்களும் அங்கே வரிசையாக இருக்கும். அதில் ஒருவரைத் தொட்டால் அவருடைய முழுச் சேகரிப்பும் திறக்கும். உள்ளூர்க் குழு ஒன்றின் ஆல்பத்தை வாங்கிய முதல் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேராவது அதே வட்டத்தில் வாசிப்பவர்களாக இருப்பார்கள். அவர்களின் சேகரிப்பைவிட நல்ல பரிந்துரைப் பட்டியலை எந்த அல்காரிதமும் தராது.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பேண்ட்கேம்பில் இருக்கும் எல்லாரும் மேடை ஏறுகிறவர்கள் அல்ல. படுக்கையறையில் ஒருவரே எல்லாக் கருவிகளையும் வாசித்துப் பதிவு செய்தவை நிறைய இருக்கும். டிரம்ஸ் வாசித்தவர் பெயர் தனியாக இருக்கிறதா, நேரடிப் பதிவு ஏதாவது உண்டா, கடைசி ஆறு மாதத்தில் மேடைப் படம் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து வடிகட்டினால் முப்பதில் எட்டுப் பத்துப் பெயர்கள் தேறும். பணக் கணக்கும் தெளிவானது. டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு 15 சதவீதம். விற்பனை 5,000 டாலரை எட்டியபின் 10 சதவீதம். 2020 மார்ச் 20 அன்று தொடங்கிய பேண்ட்கேம்ப் ஃப்ரைடே நாட்களில் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்வதில்லை. வாங்க நினைப்பதை அந்த நாள்வரை தள்ளிவைத்தால் குழுவுக்கு லாபம்.

இப்போது கையில் பத்துப் பெயர்கள் இருக்கின்றன. அடுத்த வேலை இன்ஸ்டாகிராமில். ஒவ்வொரு குழுவின் பக்கத்திலும் அவர்கள் போட்ட பதிவுகளைவிட, மற்றவர்கள் அவர்களை டேக் செய்த பதிவுகளின் பகுதியைத் திறந்து, கடைசியாக வாசித்த மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துக் குழுக்களுக்கும் முப்பது பதிவுகள். அதில் மூன்று தடவைக்கு மேல் வரும் அரங்குகள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். தேடிக்கொண்டிருந்தது அவற்றைத்தான். போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் ஏற்பாட்டாளரின் பெயரோ முத்திரையோ இருக்கும், அதையும் பின்தொடருங்கள். அரங்கு வாடகைக்கு விடும் இடம் என்றால் எல்லாவிதமான நிகழ்ச்சியும் வரும். குழுக்களைத் தேர்ந்தெடுப்பவர் ஏற்பாட்டாளர்தான், ரசனை அவருடையது.

இன்ஸ்டாகிராமைத் தேடுபொறியாக நம்பினால் கைவிடும். போஸ்டர் ஒரு படம். அதிலிருக்கும் தேதியும் பெயர்களும் விளக்க வரியில் மீண்டும் எழுதப்படாவிட்டால் தேடலில் சிக்காது. ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், நேர மாற்றமும் ரத்தும் பெரும்பாலும் அங்கேதான் வரும். முகப்பு ஓடை காலவரிசையில் வராததால், நேற்று முடிந்த கச்சேரியின் போஸ்டர் இன்று காலை வந்து நிற்கும். இதற்கு இரண்டு மருந்து. அரங்கு, ஏற்பாட்டாளர் பக்கங்களில் மணி அடையாளத்தைத் தொட்டு அறிவிப்பை இயக்குங்கள். மற்றவற்றுக்கு அறிவிப்பு வேண்டாம். முகப்பு ஓடையைப் பின்தொடர்பவர்கள் மட்டும் என்ற காட்சிக்கு மாற்றினால் பதிவுகள் நேர வரிசையில் வரும். ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியிருப்பது எரிச்சல்தான், ஆனாலும் செய்யத் தகுந்தது.

அரங்கின் இணையதளத்தில் நாட்காட்டி இருந்தால் ஐசிஎஸ் இணைப்பு (நாட்காட்டிச் செயலிகள் படிக்கும் கோப்பு) இருக்கிறதா என்று தேடுங்கள். கூகுள் காலண்டரில் அந்தக் கோப்பை இறக்குமதி செய்தால் அன்றைய பட்டியல் ஒருமுறை நகலாகும், அவ்வளவுதான். முகவரி வழியாகச் சேர்த்தால் புதிய தேதிகள் தானாக வந்துகொண்டிருக்கும். இதைக் கணினி உலாவியில்தான் செய்ய முடியும், போன் செயலியில் அந்த வசதி இல்லை. புதுப்பிக்கப் பல மணி நேரம் ஆகும் என்பதால் அன்றைய ரத்து இதில் தெரியாது. நாட்காட்டி இல்லாத அரங்குக்கு மின்னஞ்சல் பட்டியல் இருக்கும். அனுப்புநரைத் தொடர்பில் சேர்த்துவிட்டால் விளம்பரப் பெட்டிக்குள் போய் விழாது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். டைஸ் 2014இல் லண்டனில் தொடங்கிய டிக்கெட் செயலி, 2025 முதல் ஃபீவர் நிறுவனத்திடம் இருக்கிறது. அது செயல்படும் நகரத்தில் நீங்கள் இருந்தால் மிக நல்லது. டிக்கெட் தீர்ந்தாலும் காத்திருப்புப் பட்டியல் வழியாக அதே விலைக்குக் கிடைக்க வாய்ப்புண்டு, கள்ளச் சந்தைக்கு இடமில்லை. க்யூஆர் குறி கச்சேரிக்குச் சற்று முன்புதான் தெரியும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. அரங்கு அடித்தளத்தில் இருந்தால் சிக்னல் வராது, எனவே வரிசையில் நிற்கும்போதே டிக்கெட்டைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். 2001இல் தொடங்கிய ரெசிடென்ட் அட்வைசர் எலெக்ட்ரானிக் இசைக்கு இணையற்றது, கிடார் குழுக்களுக்கு அங்கே போக வேண்டியதில்லை. 2009இல் தொடங்கிய சோஃபார் சவுண்ட்ஸ் வீட்டுக் கூடத்திலும் கடை மாடியிலும் வழக்கமாக மூன்று கலைஞர்களை வைத்து நடத்தும். யார் பாடுவார் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை, முகவரியும் கடைசி நேரத்தில்தான் வரும். கூட்டம் பேசாமல் உட்கார்ந்து கேட்கும் என்பதற்காகவே ஒருமுறை போகலாம். உரத்த டிரம்ஸ் குழுவை அங்கே எதிர்பார்க்க முடியாது. நியூயார்க்கில் ஊதியமின்றி உழைத்த தன்னார்வலர்கள் விவகாரத்தில் 2020இல் மாநிலத் தொழிலாளர் துறையுடன் சுமார் 4,60,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்ட நிறுவனம் இது. டிக்கெட் பணத்தில் கலைஞருக்குப் போவது எவ்வளவு என்று உங்கள் நகரத்து அமைப்பாளரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

எல்லாச் செயலிகளும் சேர்ந்து மறைத்துவிடும் ஒருவர் உண்டு: ஓப்பனிங் குழு. வெளியூரிலிருந்து சுற்றுப்பயணமாக வரும் குழுவுக்கு முன்னால் உள்ளூர்க் குழு ஒன்றை வாசிக்க வைப்பது பரவலான வழக்கம். உள்ளூர்க் குழுவின் நண்பர்கள் இருபது பேர் வந்தாலே அறை நிரம்பத் தொடங்கும் என்பது அரங்கின் கணக்கு. ஆனால் கச்சேரி பதிவாவது முதன்மைக் குழுவின் பெயரில். ஓப்பனிங் குழு கடைசி வாரத்தில்தான் முடிவாகும், பட்டியலை யாரும் திருத்துவதில்லை. ஆகவே உங்களுக்குப் பிடித்த நடுத்தர அளவுள்ள வெளியூர்க் குழு வரும்போதெல்லாம் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். ஏற்கெனவே உங்கள் ரசனைக்கு ஒத்த ஓர் ஒலியோடு பொருந்துவதாக யாரோ யோசித்துத் தேர்ந்தெடுத்த உள்ளூர்க் குழு அது. இதைவிடக் கூர்மையான வடிகட்டி கிடையாது.

நேரத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். செயலியில் போட்டிருப்பது பெரும்பாலும் வாசல் திறக்கும் நேரம். வாசல் 7, தொடக்கம் 8 என்றால், மூன்று குழு இரவில் ஏறக்குறைய இப்படிப் போகும்: முதல் குழு 8 முதல் 8:30, மேடை மாற்ற இருபது நிமிடம், இரண்டாவது 8:50 முதல் 9:25, மறுபடி இருபது நிமிடம், கடைசிக் குழு 9:45க்கு. கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக் தலைகீழ் வரிசையில் நடக்கும். கடைசியில் வாசிப்பவர்கள் முதலில் சரிபார்ப்பார்கள், முதலில் வாசிப்பவர்கள் கடைசியில். அப்போதுதான் அவர்களுடைய கருவிகள் மேடையில் அப்படியே தொடக்கத்துக்குத் தயாராக நிற்கும். முன்னேற்பாடு தாமதமானால் அடிபடுவது ஓப்பனிங் குழுவின் சவுண்ட் செக்தான். அவர்களின் முதல் பாட்டில் குரல் கேட்காமல் போவதற்கு அதுவே காரணம். ஒலி அமைப்பாளர் இரண்டாவது பாட்டுக்குள் சரிசெய்துவிடுவார்; முதல் பாட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

நிற்கும் இடமும் கணக்கில் வரும். சிறிய அறையில் மேடைக்கு ஒட்டி நின்றால் டிரம்ஸும் கிடார் ஆம்ப்பும் நேராகக் காதில் விழும். பாடகர் குரல் வருவதோ இருபுறமும் இருக்கும் ஸ்பீக்கர்களிலிருந்து, அவை உங்களைத் தாண்டிப் பின்னால் நோக்கி இருக்கும். ஒலியைக் கலந்து சீராக்கும் மிக்ஸர் கருவி இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நின்றால் ஒலி அமைப்பாளர் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள்.

காதடைப்பான் இல்லாமல் போகக் கூடாது. அரங்குகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அளவுகோல், 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்கிறது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ் பணியிடங்களுக்குச் சொல்லும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்கு வெறும் 15 நிமிடம். மூன்று குழு இரவு அதைப் பல மடங்கு தாண்டும். பஞ்சுபோன்ற நுரை அடைப்பான் உயர் ஒலிகளை அதிகமாக வெட்டுவதால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும். இசைக்கென்று வடிகட்டி வைத்துச் செய்தவை எல்லா ஒலிகளையும் ஏறத்தாழச் சமமாக, 15 முதல் 20 டெசிபெல்வரை குறைக்கும், வரிகள் தெளிவாகவே கேட்கும். அளவைத் தெரிந்துகொள்ள நியாஷின் ஒலி அளவிச் செயலி இலவசம், ஐபோனில் மட்டும் இயங்கும்.

மேடையில் இருப்பவர் யார் என்று தெரியவில்லை என்று ஷஸாமை நீட்டிப் பயனில்லை. அது குறிப்பிட்ட ஒலிப்பதிவின் தடத்தைப் பொருத்திப் பார்ப்பது. மேடையில் வேகம் மாறும், வெளிவராத பாட்டாகவும் இருக்கும், பெரும்பாலும் சிக்காது. இடைவேளையில், குழுவின் டி-ஷர்ட்டும் ஆல்பமும் விற்கும் மெர்ச் மேசைக்குப் போய்க் குழுவின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும், கச்சேரிகளில் வாசித்த பாடல்களின் பட்டியலைத் தொகுக்கும் செட்லிஸ்ட் எஃப்எம் தளத்தில் அந்த அரங்கையும் தேதியையும் திறந்தால் முதன்மைக் குழுவின் பெயர் மட்டும் இருக்கும். யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கிச் சேர்க்கக்கூடிய தளம் அது. ஓப்பனிங் குழுவுக்கென்று தனிப் பதிவு போடுங்கள். ஒரே பெயரில் வேறு குழு இருக்கிறதா என்று சரிபாருங்கள், மேசையில் கேட்டு வந்த எழுத்துக்கூட்டல் இங்கேதான் பயன்படும். பாட்டுப் பெயர்கள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அரங்கும் தேதியும் இருந்தாலே போதும். அடுத்த வாரம் அதே அறையின் பழைய கச்சேரிகளைப் புரட்டிக்கொண்டு வரும் இன்னொருவருக்கு அந்தப் பெயர் அங்கே கிடைக்கும்.